ஷிஃப்டிங்

இந்த ஊரில் ஒரு தெருப்பெயரும் எனக்கு மனப்பாடமில்லை.
எந்தக் கட்டடத்தில் எத்தனை படி,
எந்த வாசலில் நிலைக்கதவைக் கழற்றினால்தான்
அலமாரி உள்ளே போகும்,
அது தெரியும்.
அல் ஐனில் உயரமாய்க் கட்ட விடமாட்டார்கள்.
முனிசிபாலிட்டியை என் முதுகெலும்பு
தினம் வாழ்த்துகிறது.

அந்த ஃப்ரிட்ஜை முதலில் தூக்கியது அஷாரெஜில்.
பல்கலைக்கழக வாத்தியார்களின் பேட்டை.
ஒரே அச்சில் வார்த்த வில்லாக்கள்,
வேலிச்செடிகூட ஒரே உயரம்.
ஜூன் கடைசி. அன்று அந்தத் தெருவில் மட்டும்
நாலு பிக்கப் நின்றன.
டாக்டர் இத்ரீஸ், சூடான்காரர், மண் ஆராய்ச்சி.
ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை.
ஃப்ரிட்ஜுக்குள் ஒரு டப்பா மறந்து கிடந்தது.
திறந்தால் மண்.
தேதி போட்ட, ஈரம் காயாத மண்.
"குளிரில் இருக்கணும் அது" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"வேண்டாம், வேலியோரம் கொட்டிடுங்க."

ஜிமியில் இரண்டாம் மாடி.
மாலுக்குப் பின்புறம், பார்க்கிங் கிடைக்காத சந்து.
பூங்கோதை மேடம், லேப் டெக்னீஷியன்,
கல்லூரியில் நாள் முழுக்க ஃப்ரிட்ஜின் டிகிரி எழுதுகிறவர்,
இதன் கதவைத் திறந்து கையை நுழைத்துப் பார்த்து
"இது சரிவராதே" என்றார்.
ஆனாலும் மூன்று வருஷம் வைத்திருந்தார்.
நான் எடுக்க வந்தபோது கதவெல்லாம் காந்தப்பூச்சி,
ஒரு பல் டாக்டர் நம்பர்,
குழந்தை உயரத்தில் கிரேயான் ஒட்டகம்.

ஷேர் வாலி மறுமுனையைப் பிடித்தபடி சிரித்தான்:
"ஃபிர் ஆகயா, பாய்."

முவைஜியில் பழைய வில்லா,
ஜிப்சம் தட்டி வைத்து ஒன்பது அறையாக்கியது.
ஹாலில் ஒருவன், மாடிப்படிக்குக் கீழே ஒருவன்,
எல்லாரும் ஏதோ ஒன்றில் முனைவர் ஆகப்போகிறவர்கள்.
ஃப்ரிட்ஜில் தட்டுக்கொரு நாடு.
தெஸ்ஃபாயே, ரக்கிபுல், பெயர் புரியாத இன்னொருவன்,
டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிய எல்லைகள்.
முட்டைக்குக்கூட முதலெழுத்து.

மகாம் பக்கம் நான் சொல்ல ஒன்றுமில்லை.
மாணவியர் விடுதிக்கு எங்களுக்கு அனுமதி கேட் வரை.
டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன்,
ரொம்பக் கனம். புத்தகமாய் இருக்கலாம், ஷூவாகவும் இருக்கலாம்.
ஆகஸ்டில் அங்கே சிக்னல்
யாருக்கென்று தெரியாமல் பச்சையாகும்.
ஆளில்லாத ஊரில் ஹஃபீத் மலைச் சாலையின் விளக்குகள்
யாரோ அவிழ்த்துப் போட்ட அரைஞாண் மாதிரி.

பிறகு சனாயா.
பெயிண்ட் வாசம், வெல்டிங் வெளிச்சம்,
கேரேஜ் மேல் ஆறு பேர் அறை.
தொள்ளாயிரம் திர்ஹத்தில் தொடங்கிய பெட்டி
எண்பதுக்கு வந்து நின்றது.
என் கூலி எப்போதும்போல் நூற்றியிருபது.
பொருளைவிடத் தூக்குவது விலைகூடின நாள்
கணக்குப்போட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்,
நூறுக்கு ஒத்துக்கொண்டேன்.
அவர்கள் அதில் தண்ணீர் மட்டும் வைத்தார்கள்.
ஒட்டகம் இன்னும் இருந்தது, வால் மட்டும் அழிந்து.

போன வாரம் ஹீலி பக்கம், எல்லை வேலி தெரியும் இடம்.
புரைமியிலிருந்து ஓமன் நம்பர் வண்டியோடு ஒருவன்,
காம்பிரஸருக்காக வாங்குகிறானாம்.
வண்டியிலிருந்து வண்டிக்கு மாற்றினோம்,
மாடிப்படி இல்லாத ஒரே ஷிஃப்டிங்.
அந்தப் பக்கத்துத் தெருக்கள் எனக்குத் தெரியாது.
பதினோரு வருஷமாய்ப் பார்க்கிற ஊர்தான்,
அதே ஈச்சமரம், அதே பாங்கு, நாலு நிமிஷம் தள்ளி.
விசா வேண்டும்.

அவனிடம் கயிறில்லை. என் கயிற்றால் கட்டிக்கொடுத்தேன்.
நாளைக்குத் தருகிறேன் என்றான்,
செக்போஸ்டில் கதவு இடப்பக்கமாய்த் திறந்து ஆடியது,
ஒரு காவலர் கையால் தள்ளிச் சாத்தினார்.

இன்று காலை
புதுக் கயிறு வாங்கினேன், பதினைந்து திர்ஹம்.
அஷாரெஜில் யாரோ புதிதாய் வந்திருக்கிறார்களாம்,
லொகேஷன் அனுப்பியிருக்கிறார்கள்.